இரண்டு சாம்பல் நிறங்கள்

என் அண்ணன் என்னை மனுஷியாக மதிக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து நான் படுத்துக் கிடந்த அறைக்கு, அவர் கல்யாணத்துக்காகச் சுண்ணாம்பில் கரி கலந்து பூச ஆள் வந்தார். சுவரில் இரண்டு சாம்பல் நிறங்களைத் தீட்டிக் காட்டினார். அண்ணனும் மாமாவும் காலையெல்லாம் வாதாடினார்கள்.

"மாப்ள, இது குளிச்ச யானை, அது குளிக்காத யானை, அம்புட்டுத்தான்" என்றார் மாமா.

பூச வந்தவர் என் பக்கம் திரும்பினார். "நாள் பூரா செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கப்போறது நீங்கதானே தாயி, எது வேணும்?"

பல மாதங்களாக யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வெளிறியதைக் காட்டினேன். மற்றது சிமினி விளக்கு வெளிச்சத்தில் இருண்டு தெரியும்.

"ரெண்டும் ஒண்ணுதான், பேசாமப் படு" என்ற அண்ணன், கருத்ததையே பூச வைத்தார்.

இடுப்பெலும்பு கூடிவிட்டது, மனம் ஆறவில்லை. இரண்டும் ஒன்றென்றால், நான் கேட்டதைப் பூசினால் என்ன? அதைத்தான் இந்த வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன்; அண்ணனும் இதிலேயே பதில் எழுதட்டும்.