உறைபனியில் வைத்த ஊசி

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைத் தாங்கிப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். அவளுக்குக் குடலில் ஹார்மோன் சுரக்கும் கட்டி. மாதம் ஒரு ஹார்மோன் ஊசி போட்டால்தான் வயிற்றுப்போக்கு அடங்கும். ஊசியைக் குளிரில் வைக்கச் சொன்னார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஊட்டிக் குளிர் போதாதா என்று ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். உறைபனியில் மருந்து உறைந்துவிட்டது.

"ஏனுங்க, உறைஞ்ச மருந்தைப் போடவே கூடாதுங்க" என்று நர்ஸ் திருப்பி அனுப்பினார். புது ஊசி வரப் பத்து நாளாகுமாம்.

வழியில் அக்கா மூன்று முறை தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கினாள். மூன்றாவது முறை எழ முடியவில்லை. தூக்கினேன். இலைக்கூடை அளவுக்குக்கூடப் பாரமில்லை.

"இப்பவும் என்னைய உட்டுட்டு ஓடிருவியாடா?" என்று சிரித்தாள்.

எந்த ஊரிலும் ஒரு மாதம் தங்காதவன் நான்.

மறுநாள் காலை பஜாரில் ஒரு பாயின் மருந்துக்கடையில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். சம்பளத்தைக் கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கு அவர் ஃபிரிட்ஜில் இடம் கேட்டேன்.