பெயரில்லாத வாழ்த்து அட்டை

அமெரிக்காவில், டோபீகா நகரத்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள் வெர்னா ஹாஸ்கெல். அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்பது கட்டிய புருஷனுக்கே தெரியாது. அவளை ஏன் வேலையை விட்டுத் தூக்கினார்கள்? தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நேரே புது அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

"மேலிடத்து ஊழலை எழுதி வேலை போச்சே, அந்தத் தணிக்கை அதிகாரி, அவர் கிளம்பறப்போ வாழ்த்து அட்டை வாங்குனது நீங்கதானே? மொதல் கையெழுத்தும் உங்களுது. யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க."

"யாரு கிளம்பினாலும் கேக் வெட்டி, அட்டையில எழுதிக் கொடுக்கிறது இங்க வழக்கம் சார்."

"இனிமே இருக்காது."

கடைசி நாளில் அவள் மேஜைமேலும் ஓர் அட்டை இருந்தது. முப்பது பேர் வாழ்த்தியிருந்தார்கள். ஒருவரும் பெயர் போடவில்லை. வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் கிறுக்கலை இத்தனை வருஷம் படித்தவளுக்கு எந்த வரி யாருடையது என்று தெரியாதா?

சட்டென்று சிரிப்பு நின்றது. தனக்குத் தெரிந்தால் இன்னொருவருக்கும் தெரியும்.

ஒரு துண்டுத்தாளைக்கூட வீசியறியாதவள், அட்டையைக் காகிதம் அரைக்கும் இயந்திரத்துக்குள் தன் கையாலேயே தள்ளினாள்.