எதுக்கு வம்பு

கூட்டம் தொடங்கும் முன்பே அந்தப் பெண் அதிகாரி அறைக்குள் வந்து, இயக்குநர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இயக்குநர் வந்தார். வாசலிலேயே நின்று, மேசையைச் சுற்றிக் காலியாகக் கிடந்த நாற்காலிகளைத் திருதிருவென்று பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? எழுந்திரிங்கம்மா, அது என் சீட்டு."

"உங்க சீட்டுன்னு யார் சார் எழுதிவெச்சது? இத்தன காலியா கெடக்கே, ஏன் ஒண்ணுலயும் உக்கார மாட்டேங்கறீங்க?"

வணிகப் போட்டி ஆணையத்தில் அந்த அம்மா புலனாய்வு அதிகாரி. பெரிய நிறுவனம் தன் பலத்தைக் காட்டிச் சின்ன நிறுவனத்தை நசுக்கினால் விசாரிக்கிற இடம் அது. அங்கே அவருக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்ப்பார், கூச்சமே கிடையாது. "அந்த 'சம்மதம்' கட்டத்த ஏங்க படிக்காமலே அமுக்கினீங்க?" என்று கேட்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்பதையும் மனதில் குறித்துக்கொள்வார்.

அக்காவும் தம்பியுமாக ஒரு வரைபடச் செயலி நடத்தினார்கள். சந்துபொந்தெல்லாம் சரியாகக் காட்டும்; ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் அதைத்தான் நம்பினார்கள். ஆனால் நாட்டில் பாதிப்பேர் வைத்திருக்கும் கைப்பேசியில், ஒரு முகவரியைத் தொட்டாலே அந்தக் கைப்பேசி நிறுவனத்தின் சொந்த வரைபடம்தான் திறக்கும். அக்கா-தம்பி நிறுவனம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கடைசி முயற்சியாகப் புகார் கொடுத்தார்கள்.

இயக்குநருக்கு நம்பிக்கை இல்லை. "பிடிக்கலன்னா மாத்திக்கலாம்னு அவங்க சொல்வாங்க. யாரையும் கட்டிப்போடலையே? சோம்பேறித்தனத்துக்கெல்லாம் சட்டத்துல பிரிவு கெடையாதும்மா."

"சோம்பேறித்தனம்னு நீங்க சொல்றீங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் அவர்.

பார்த்தார். தையற்காரர், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மருத்துவமனைச் செவிலியர் எனப் பலதரப்பட்டவர்களைக் கூப்பிட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார். முதல் குழுவுக்குக் கடையில் கிடைக்கிறபடியே கைப்பேசி. இரண்டாம் குழுவின் கைப்பேசி மட்டும், முதல்முறை திறந்ததும், 'உங்களுக்கு எந்த வரைபடம் வேண்டும்?' என்று கேட்டது. கேட்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அக்கா-தம்பியின் வரைபடத்தை எடுத்தார்கள். கேட்கப்படாதவர்களில் அநேகமாக யாருமே மாற்றவில்லை.

முதல் குழுவில், மாற்றப் போய்ப் பாதியில் விட்டவர் அந்தச் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் இரவு முழுக்க இயந்திரங்களைத் தனியாகச் சமாளிக்கிறவர். "உள்ள போனா இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு போய்க்கிட்டே இருந்துச்சு. கடைசில 'மாற்றினால் உங்கள் கைப்பேசியின் பாதுகாப்பு குறையலாம்'னு செகப்புல வந்துச்சு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

'எதுக்கு வம்பு' என்ற சொல்லை அதிகாரி அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். வீட்டில் கணவரிடம், "இதுதாங்க சுவரு. கண்ணுக்குத் தெரியாத சுவரு" என்றார். கணவர் பல் மருத்துவர். வாயைத் திறந்தவர்களைப் பேசவிட்டுப் பழக்கமில்லாதவர், அன்று கேட்டுக்கொண்டார்.

விசாரணை நாளில் நிறுவனத்தின் வழக்கறிஞர் கணீரென்ற குரலில் தொடங்கினார். "மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. தெரியாதது மக்களின் குறை. அந்தச் செவிலியருக்கு அந்த அளவு அறிவுகூட இல்லையா?"

"அறிவு இருக்கறதாலதாங்க நிறுத்தினாங்க" என்றார் அவர். "எச்சரிக்கைய ஒழுங்காப் படிச்சாங்க. நம்பினாங்க. அதுல ஆபத்தே இல்லன்னு உங்க பொறியாளரே எங்ககிட்ட ஒத்துக்கிட்டிருக்காரு. உங்க வரைபடம் நல்லா இருக்குன்னு நீங்களே நம்பியிருந்தா, பயமுறுத்தற அந்த வரி எதுக்கு?"

வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார். ஆணையத் தலைவர் முன்னால் சாய்ந்தார். "சரி, என்ன செய்யச் சொல்றீங்க? அந்த எடத்துல இவங்க வரைபடத்த வெச்சுடலாமா?" புகார்தாரர்கள் கேட்டிருந்ததும் அதுதான். அக்காவின் முகம் மலர்ந்தது.

"வேண்டாங்கய்யா. வெச்சா, அப்பவும் யாரும் மாத்த மாட்டாங்க. சுவரு அப்படியேதான் இருக்கும், சொந்தக்காரங்கதான் மாறுவாங்க. வாங்கறவங்கள ஒரு வார்த்த கேக்கட்டும். அது போதும்."

வெளியே தாழ்வாரத்தில் அக்கா அவரை மறித்தாள். கண் கலங்கியிருந்தது. "எங்களுக்காகப் பேசுவீங்கன்னு நம்பி வந்தோம் மேடம். கையில கெடச்சதத் தட்டிவிட்டுட்டீங்களே!"

அவருக்கு வலித்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "கைப்பேசி வாங்கறவங்களுக்காகத்தாம்மா நான் இங்க இருக்கேன். உங்க படம் நல்லாருக்கு, கேட்டா எடுப்பாங்க. கேக்கவெக்க மட்டும்தான் என்னால முடியும்." அக்கா தம்பியோடு படியிறங்கிப் போனாள்.

முதல் திரையிலேயே கேட்க வேண்டும், வரைபடப் பெயர்களின் வரிசை ஒவ்வொரு கைப்பேசியிலும் மாறி மாறி வர வேண்டும், சிவப்பு எச்சரிக்கை கூடாது என்று உத்தரவு வந்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அதில் தீர்ப்பு வரும்வரை கைப்பேசிகள் கேட்கின்றன. அக்கா-தம்பி கடையை மூடவில்லை, மூச்சு விடுகிறார்கள். அக்கா இன்னும் அவரிடம் பேசுவதில்லை.

போன வாரம் அவருடைய மாமனார் புதுக் கைப்பேசி வாங்கி வந்தார். அதைத் திறந்ததும் அந்தக் கேள்வி வந்து நின்றது. சோபாவில் உட்கார்ந்தபடி திரையைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இதென்னம்மா, எது வேணும்னு கேக்குது? எனக்கென்ன தெரியும்? உனக்குத் தெரியாததா, நீயே நல்லதா ஒண்ண அமுக்கிக் குடு."

அக்கா-தம்பியின் வரைபடம் பட்டியலில் கடைசியாக இருந்தது. மருமகள் தன் கைப்பேசியில் வைத்திருப்பதும் அதுதான். கை அரைவாசி நீண்டுவிட்டது.

"ஒவ்வொண்ணா தொறந்து பாருங்க மாமா. நம்ம தெருவத் தேடிப் பாருங்க. அவசரமில்ல" என்றார். சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்.