நண்டுகளுக்குப் பிரசவம் பார்த்த என் மாப்பிள்ளை

என் மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு வாயே கிடையாது. என் மகளைக் கேட்டு வந்த அன்று விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்க வெட்கப்பட்டு, விக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஊமையா பார்த்துப் பிடிச்சியாடி?" என்று மகளை உள்ளே இழுத்துக் கேட்டேன்.

"வீட்டுல நீ ஒருத்தி பேசறது பத்தாதாம்மா?" என்றாள்.

கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல் ஒன்றில் தட்டு கழுவச் சேர்ந்து, அங்கேயே தலைமைச் சமையல்காரர் ஆனவர். என் புருஷன் போன பிறகு என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். முன்பக்கம் கண்ணாடிச் சுவர், வெள்ளை விரிப்பு, சத்தம் போடாமல் நடக்கும் ஆட்கள். பின்பக்கம் செதில், ஈ, நான். மீன் கழுவுவதும் நண்டு உடைப்பதும் என் பாடு.

முதலாளியம்மாவுக்குக் கடல்மேல் உயிர். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு கடலுக்குப் போகக்கூடாது, தோட்டத்து விளக்கு வெளிச்சம் அலையில் விழக்கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. அதோடு மாப்பிள்ளையும் ஒன்று சேர்த்தார். சினை நண்டு, அதாவது வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்தைச் சுமந்துகொண்டு வரும் பெண் நண்டு, அடுக்களைக்குள் நுழையக் கூடாது. மெனு அட்டையிலேயே இதை அச்சடித்துப் போட்டார்கள். வருகிறவர்கள் அதைப் படித்து மனம் உருகி, ஆளுக்கு இரண்டு நண்டாகத் தின்றுவிட்டுப் போனார்கள்.

நண்டு கொடுத்தது என் மூத்தவன். என் மகளுக்கு அண்ணன். அவன் வலைக்கு அந்த ஹோட்டல் ஒன்றுதான் நிலையான வாடிக்கை.

ஒருநாள் காலை பெரிய விருந்துக்காகக் கூடை நிறைய நண்டு கொண்டுவந்து இறக்கினான். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துத் திருப்பி, வயிற்று மடலை விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பிசிறு பிசிறாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் தூக்கினார். அதிலும் அப்படித்தான்.

"மச்சான், முட்டையைப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்தீங்களா?"

"தேய்க்காம? சினை இருந்தா வேணாங்கறீங்க. இல்லாம கொண்டாந்தா ஏன் இல்லைங்கறீங்க. என்னதான் பண்ணச் சொல்றீங்க மாப்ளே?"

"கடல்லயே திருப்பி விட்டிருக்கலாம்ல?"

"வலையில வர்றதுல பாதி சினைதான். அத்தனையையும் விட்டுட்டு உங்க வாசல்ல வெறுங்கூடையோட நின்னு பாட்டா பாடறது?"

மாப்பிள்ளை கூடையைத் தூக்கி அவன் கையில் வைத்தார். "இனிமே உங்ககிட்ட வாங்க மாட்டேன் மச்சான்" என்றார். அன்றைய விருந்தில் நண்டு இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ, காது சிவந்து வெளியே வந்தார்.

அதன்பின் மகன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படகை விற்றுவிட்டு வேறெங்காவது கூலிக்குப் போகிறேன் என்று பேச ஆரம்பித்தான். மகளோ அண்ணனுக்கும் அழ முடியாமல், புருஷனுக்கும் பரிந்து பேச முடியாமல், பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். நான் விடுவேனா? நேரே அடுக்களைக்குள் போய் நின்றேன்.

"நண்டோட முட்டைக்கு இவ்வளவு இரக்கம் காட்டறீங்களே, நான் பெத்ததுமேல கொஞ்சம் காட்டக்கூடாதா?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார். வேறு யாராவது என்றால் அந்தக் கத்தியைப் பிடுங்கியிருப்பேன்.

மறுநாள் விடியலில் மாப்பிள்ளை படகுத்துறைக்குப் போயிருக்கிறார். போனவர் திரும்பி நேரே பின்கட்டுக்கு வந்து, என் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"அத்தை, அங்க ஒருத்தர் பாக்கியில்லாம தேய்க்கறாங்க. கரைத்தண்ணி பூரா ஆரஞ்சா மிதக்குது. மச்சான் செஞ்சது தப்புதான். ஆனா அவங்க கையில பிரஷ்ஷைக் குடுத்தது என் சட்டம்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதும் விடாமல், பின்கட்டுக்கு முதலாளியம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தார். சினை நண்டையும் உயிரோடு வாங்கிக்கொள்வோம், கடல் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் காற்று மோட்டார் வைத்து வளர்ப்போம், குஞ்சு பொரித்ததும் குஞ்சுகளைக் கடலில் விட்டுவிட்டுத் தாயைச் சமைப்போம் என்றார்.

முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "செஃப், நான் ஹோட்டல் நடத்தறேனா, பிரசவ ஆஸ்பத்திரி நடத்தறேனா?"

"ரெண்டும்தாம்மா. இல்லன்னா அந்த அட்டையில போட்டிருக்கறது பொய். அதைக் கிழிச்சிடுங்க. நானும் கிளம்பிடறேன்."

இந்த ஆள் போனால் நானும் தெருவில்தான். முதலாளியம்மா டிரம் வைக்கும் இடத்தைக் காலால் அளந்து பார்த்தார். "முன்பக்கம் நாத்தம் வரக்கூடாது" என்றுவிட்டுப் போய்விட்டார். அதுதான் சம்மதம்.

மருத்துவச்சி நான்தான், வேறு யார்? ஆரஞ்சாக வரும் முட்டை நாளாக ஆகக் கறுக்கும். நன்றாகக் கறுத்துவிட்டால் நேரம் வந்துவிட்டது என்று பொருள். குஞ்சுகள் தூசு மாதிரி இருக்கும். வாளியில் மொண்டுபோய் அலைக்கு அப்பால் ஊற்றிவிட்டு வருவோம். பெற்று முடித்தவளைத்தானே பிறகு வெட்டுகிறீர்கள், இதில் என்ன கருணை என்று கேட்டால் மாப்பிள்ளையைக் கேளுங்கள், நான் வெறும் மருத்துவச்சி.

மற்ற படகுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். என் மகன் மட்டும் வரவில்லை. தங்கை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. ரோஷம், அப்பனைக் கொண்டு பிறந்தது.

ஒரு சாயங்காலம் பின்வாசலில் நிழல் ஆடியது. ஈரச்சாக்கில் ஒற்றை நண்டைச் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"முழுகாம இருக்கா. நான் தொடலை. நீங்களே பார்த்துக்கங்க" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளை வாங்கித் திருப்பினார். கொடுக்கில் கட்டியிருந்த கயிறு நழுவியிருந்தது. கட்டை விரலைக் கவ்விக்கொண்டது பாருங்கள், "ஐயோ அத்தை!" என்று ஒரு கத்துக் கத்தினார். ஹோட்டலே திரும்பியிருக்கும். கையை உதறப் போனார்.

"உதறாதீங்க மாப்ளே! முட்டை கொட்டிடும்!" என்று மகன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "தண்ணிக்குள்ள வைங்க. அவளா விடுவா. பொறுங்க, பொறுங்க."

இருவரும் டிரம்முக்குள் கையை விட்டுக்கொண்டு குனிந்து நின்றார்கள். தண்ணீரில் லேசாக ரத்தம் கலங்கியது. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, கையை அசைக்காமல் இருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மச்சான்."

"பொய் சொல்லாதீங்க. கண்ணுல தண்ணி வருது."

நான் கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டேன். "உன் அண்ணனுக்கும் சேர்த்து உலை வைடி" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். வைத்துவிட்டேன், எனக்கு உடைக்க நண்டு கிடந்தது.