பல்லழகிக்கு மண் மாற்றிய கை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை அந்தப் பல் மருத்துவமனையில் யாரும் பயன்படுத்துவதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஏன் அக்கா’தான். யார் எதைச் சொன்னாலும் முதலில் ‘ஏன்?’ என்று கேட்பாள்; பதில் பிடித்துவிட்டால் இரண்டாவது முறையும் கேட்பாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர் கல்யாணமான புதிதிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: “நான் பாக்குற லிஃப்ட்டுகூட நடுவுல நின்னுடும். உன் ‘ஏன்’ எங்கயும் நிக்காது தாயே!”

இடுக்கி, ஊசி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவிப் பெட்டியில் அடுக்கி, கிருமி நீக்கித் தருவது அவள் வேலை. பெட்டி கொதித்து அடங்கும்வரை கையில் புத்தகம் இருக்கும். வானவியல், சட்டம், நாய் வளர்ப்பு என்று எது கிடைத்தாலும் படிப்பாள். வீட்டில் நாய் கிடையாது.

காத்திருப்பு அறையின் ஜன்னலோரம் பல்லழகி இருந்தாள். பல்லழகி என்பது ஒரு செடி. பல்வலி தீர்ந்துபோன டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. இலை நுனியில் திறந்த வாய், வாயின் ஓரமெல்லாம் பல். ஈ உட்கார்ந்து உள்ளே இருக்கும் மயிர்களை உரசினால் வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். “ஈயைத் தின்னும், பல்லும் இருக்கு. உங்க இடத்துக்குப் பொருத்தமா இருக்கும்மா” என்று, அதுவரை சிரிக்க முடியாதிருந்த வாயால் சிரித்துவிட்டுப் போனார்.

வந்த நாளிலேயே ஏன் அக்கா அதற்குக் காவல்காரி ஆகிவிட்டாள். பல்வலிக்காரர்கள் பேனா முனையால் குத்தி வாயை மூடவைத்து வேடிக்கை பார்ப்பார்கள். “சும்மா சும்மா மூட வச்சா அந்த இலை சீக்கிரம் செத்துப்போகும் சார். உள்ள போனா டாக்டர் உங்க வாயைத் திறக்கச் சொல்லுவாங்க, அப்ப நான் வந்து பேனாவால குத்தட்டுமா?” என்பாள். அதற்கப்புறம் அந்த ஆள் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே மாட்டார்.

குளிர்காலம் வந்தது. பல்லழகியின் பற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. குளிர் முடியும் தறுவாயில், கடைசிப் பல்லும் கறுத்த அதே வாரத்தில், பல் குடையும் கருவிக்குக் காற்று தரும் இயந்திரமும் மூச்சை நிறுத்தியது. வரவேற்பு மேசைப் பெண் இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டாள்.

“எல்லாம் இவ கை பட்டதுதான்” என்று துடைப்பத்தோடு நின்ற துப்புரவுப் பெண்ணைக் கண்ணால் காட்டினாள். “செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு? மெஷினைத் துடைக்கிறது யாரு? கைராசி இல்லாத கை டாக்டர். மருத்துவம் பாக்குற இடத்துல இப்படி ஒரு கை வேணுமா?”

டாக்டர் படித்தவர். கைராசி என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் “உங்களுக்கு நல்ல கைராசிம்மா” என்று நோயாளிகள் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும். தன் கையில் ராசி இருப்பதாகச் சொன்னபோது ரசித்தவர், இன்னொருத்தி கையில் இல்லை என்றால் எந்த வாயால் மறுப்பார்? இதில்தான் படித்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. மூடநம்பிக்கையை நம்பவும் மாட்டார்கள், அதனால் வரும் பலனை விடவும் மாட்டார்கள். விலை கொடுப்பவர் மட்டும் வேறு யாராவதாக இருப்பார்.

“எதுக்கு வம்பு? அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கலாம்” என்றார் டாக்டர். “அந்தச் செடியையும் தூக்கிப் போட்டுடுங்க. பல் டாக்டர் வாசல்ல இத்தனை சொத்தைப் பல்லா?”

“ஏன்?” என்றாள் ஏன் அக்கா.

“ஆரம்பிச்சுட்டாங்க” என்றாள் வரவேற்புப் பெண்.

“மெஷின்ல பெல்ட் தேஞ்சு போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போனாரு. அதுக்கு இவ கை என்ன பண்ணும்? செடி ஏன் கறுத்துச்சுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன் டாக்டர். அதுவரைக்கும் ரெண்டு பேரையும் யாரும் தூக்கிப் போடக் கூடாது.”

பாத்திரம் கழுவும் இடத்தில் துப்புரவுப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். “விடுங்கக்கா. எங்க போனாலும் என் கையைத்தான் சொல்றாங்க.”

“அழாதே தங்கச்சி. எந்தத் தண்ணியை ஊத்துனே?”

“உங்க பெட்டிக்கு ஊத்துற சுத்திகரிச்ச தண்ணி, கேன்ல அடியில மிஞ்சுமே, அதை. கொட்டுறதுக்கு மனசு வரலக்கா.”

அன்று முழுக்க ஏன் அக்கா பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சத்தே இல்லாத சதுப்பு நிலம் அதற்குத் தாய்வீடு. மண்ணில் கிடைக்காததைத்தான் ஈயிடம் வாங்கிக்கொள்கிறது. உப்புக் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. சுத்திகரித்த நீரோ மழைநீரோதான் வேண்டும். அப்படியென்றால் தங்கச்சி ஊற்றியது சரியான நீர்! ஏன் அக்கா துள்ளிக் குதிக்கப் பார்த்தாள். அடுத்த வரி அவளை உட்கார வைத்துவிட்டது. குளிரில் சில இலைகள் கறுப்பது அதன் தூக்கம். ஆனால் மண்ணில் உரம் போட்டால் வேரே கருகிவிடும்.

மழைக்காலத்தில், ‘பாவம், இளைச்சுப் போயிருக்கு’ என்று வீட்டிலிருந்து மக்கிய உரம் கொண்டுவந்து, தொட்டி நிறையக் கறுகறுவென்று நல்ல மண் போட்டது அவளேதான். எதையும் ஆதாரம் இல்லாமல் நம்பாதவள், செடிக்கு உரம் நல்லது என்பதை மட்டும் ஏன் என்று கேட்காமல் நம்பியிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் கேட்டார்: “பேசாம இருந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“தங்கச்சிக்கு வேலை போயிடுமே?”

“அது சரி. உனக்குப் பேசாம இருக்கத் தெரிஞ்சாதானே!”

மறுநாள் மதிய இடைவேளையில் வரவேற்பு மேசைமேல் செய்தித்தாளை விரித்தாள். பாசி மட்கி உண்டான மண்ணும், தெர்மோகோல் உருண்டைபோல லேசான பெர்லைட் கல்லும் செடிக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தாள். இரண்டிலும் உரம் கலக்கவில்லை என்று கடைக்காரரிடம் மூன்று தரம் கேட்டுக்கொண்டாள். வேர் கீழே நீளும் என்பதால் பழையதைவிட ஆழமான தொட்டி.

“எல்லாரும் கேளுங்க. இந்தச் செடியைக் கருக்கினது நான் போட்ட உரம்” என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். “தங்கச்சி ஊத்துன தண்ணிதான் இவ்வளவு நாள் இதைக் காப்பாத்தியிருக்கு.”

வரவேற்புப் பெண் வாயில் கை வைத்தாள். “அப்போ ராசியில்லாத கை உங்களுதாக்கா?”

“கையை ஏன்டி திட்டுறே? புத்திதான் வேலை செய்யல.”

தொட்டியைக் கவிழ்த்து, பழைய மண்ணைச் சுத்திகரித்த நீரில் மெதுவாக அலசியபோது கறுத்த இலைகளும் கருகிய வேர்களும் கழன்று விழுந்தன. கடைசியில் சின்ன வெங்காயம் போல ஒரு கிழங்கு மட்டும் மிஞ்சியது. அது கொழகொழவென்று இருந்தால் கதை முடிந்தது.

டாக்டருக்கு அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மழுங்கிய கருவியால் அழுத்திப் பார்த்தார். “கெட்டியா இருக்கு. வெள்ளையாவும் இருக்கு. வேர் சிகிச்சையே தேவையில்ல!”

“இப்பதான் மாத்தவும் நேரம். குளிர் முடியப்போகுது, முழிச்சுக்கிறதுக்குள்ள இடம் மாத்திடணும்” என்ற ஏன் அக்கா, புது மண் நிரப்பிய தொட்டியையும் கிழங்கையும் துப்புரவுப் பெண்ணிடம் நீட்டினாள். “நீ நடு.”

“நானா? ஐயோ, வேண்டாங்கக்கா.”

“நடுன்னா நடு. முளைக்கிற நுனி மட்டும் வெளிய தெரியட்டும். அமுக்காதே.”

நட்டாள். செடி ஆடாமல் நின்றது. அடித்தட்டில் நீர் ஊற்றி, வெளிச்சம் விழும் பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

“இவ அடுத்த வாரமும் வரணும்ல டாக்டர்?” என்றாள் ஏன் அக்கா.

“யாரு வேண்டாம்னு சொன்னா?” என்றார் டாக்டர், கண் சிமிட்டாமல்.

குளிர் போனதும் நடுவிலிருந்து ஒரு பச்சைச் சுருள் எழுந்து, மெல்ல வாயைத் திறந்தது. அரிசி அளவு வாய். அதற்குள் அத்தனை பல். முதலில் பார்த்தது வரவேற்புப் பெண்தான். ஓடிப்போய்த் துப்புரவுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன கைராசிடி உனக்கு! எங்க வீட்டு ரோஜா பூக்கவே மாட்டேங்குது. ஒரு தரம் வந்து தொட்டி மாத்திக் குடேன்.”

உள்ளேயிருந்து ஏன் அக்கா கொதிக்கும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். “மறுபடியும் ராசியா? ஏன்டி, உனக்கு எத்தனை தரம்...”

அவள் முடிப்பதற்குள் துப்புரவுப் பெண் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “வரேங்க. ஆனா பூக்கலைன்னா மண்ணைத் திட்டணும், தண்ணியைத் திட்டணும். என் கையைத் திட்டக் கூடாது.”

ஏன் அக்காவுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டி சீறியது, உள்ளே போனாள்.