முட்டை போடும் இத்தாலிக் கார்

பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் கோழி அடைத்து வைத்திருந்த பழைய இத்தாலிக் காரை மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன். இரண்டே கதவு, உள்ளே முழுக்கக் கோழி எச்சம்.

"வண்டி ஓடாதுங்க, ஆனா முட்டை போடும்" என்றார் டீக்கடையில் வைத்து. கடையே சிரித்தது.

துருவைச் சுரண்டிய நாளெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.

இன்று கொடைக்கானலில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பளபளக்கும் சிவப்புக் காரைத் தடவிக்கொண்டே, "மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நம்ம வண்டிய அனுப்பி வைங்க" என்றார்.

நம்ம வண்டியாம்!

உள்ளே போய் ஆறு முட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"வண்டி ஓடாதுங்க. இன்னைக்கு இவ்வளவுதான் போட்டுச்சு."

அதே முகூர்த்தத்தில் உங்களில் யார் வீட்டிலாவது கல்யாணம் உண்டா? ஊர்வலம் தோட்டக்காரர் மகளின் கல்யாண மண்டபத்து வழியாகப் போவதென்றால் வண்டி இலவசம்.