தானாக உருண்டையான மிட்டாய்

மிட்டாய்க் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கழுகு. லைன் சூப்பர்வைசர் ஒரு நாள் விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாக, மிட்டாய்கள் வரிசையாக ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நிற்பாள். சப்பையானது, மூளியானது, வால் முளைத்தது எதுவும் அவளைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. லபக்கென்று எடுத்துப் பக்கத்து வாளியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். இத்தனைக்கும் பக்கத்தில் நிற்பவளோடு மாமியார் கதை பேசிக்கொண்டே இதெல்லாம் நடக்கும். கை தன் பாட்டுக்கு வேலை பார்க்கும், புத்தி வேறெங்காவது ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊருக்கெல்லாம் விடுமுறை வந்தால் அவளுக்கு ஓவர்டைம் வரும். ஊர் மிட்டாய் தின்ன வேண்டாமா? பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து பிள்ளைகள் இரண்டும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடமே கிடந்தன. பெரியவளுக்கு எட்டு வயது, வாயைத் திறக்காமலே எல்லாவற்றையும் கவனிக்கிற ரகம். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. அவன்தான் ஒரு சாயங்காலம் கேட்டான்:

“நீ எல்லாருக்கும் மிட்டாய் செய்றியாமே. எங்களுக்கு எப்பம்மா செய்வ?”

குத்திக் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை, பாவம். தெரியாமல்தான் கேட்டான். அவளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குக் குற்ற உணர்ச்சியும் டிபன் டப்பாவும் ஒன்று, தினமும் கூடவே போய்க் கூடவே திரும்பும். அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே கனத்தது. அந்த வேகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

“கம்பெனி லீவுக்கு மூடினதும் மொத வேலை அதுதான்டா. நான் கிளறி மட்டும்தான் குடுப்பேன். செய்யறது எல்லாம் நீங்க ரெண்டு பேரும். அத்தை வீட்டுக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறோம்.”

சொன்னபடியே செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. கம்பெனி மூடிய மறுநாள் காலையிலேயே அடுப்பில் அடிகனமான சட்டி ஏறியது. பாலும் சர்க்கரையும் பால் பவுடரும் வெண்ணெயும் சேர்ந்து சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்வரை தோள் வலிக்கக் கிளறினாள். மிதமான சூட்டுக்கு ஆறியதும் பிள்ளைகளின் கையில் வெண்ணெய் தடவி, ஸ்டூலில் ஏற்றி, முன்னால் தட்டை வைத்தாள். பெரியவள் சமர்த்தாக உருண்டை பிடித்தாள். சின்னவனுக்கு உருண்டையில் இஷ்டம் இல்லை.

“இது அத்தை. முட்டி வலிக்குதுல்ல, அதான் படுத்திருக்காங்க.”

“சரி.”

“இது மாமா. இது மாமாவோட தொப்பை. இது அப்பா, லாரில உக்காந்திருக்காரு.”

“சரிடா, சரிடா.”

“இது நீ.”

“நான் ஏன்டா இவ்வளவு நீளம்?”

“நீதான் எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கியே.”

அவள் சிரித்தாள். ஆனால் ஒரு காதால் கேட்டுச் சிரித்த சிரிப்பு அது. இன்னொரு காது அடுப்பில் இருந்தது, அடுத்த தவணைக்கு ஏற்றியிருந்த இரண்டாவது சட்டி அடிபிடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு, தலைமுடி வரைக்கும் பிசுபிசுத்துப் போயிருந்த பிள்ளைகள் இரண்டையும் குளிக்க விரட்டினாள்.

அப்புறம்தான் தட்டைப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று படுத்துக் கிடக்கிறது, ஒன்றுக்கு வயிறு தனியாகப் பிதுங்கி நிற்கிறது. பார்த்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. கண் பார்த்தது, கை எடுத்தது. சூடு ஆறிவிட்டால் உருட்ட வராது என்ற அவசரம் வேறு. படுத்திருந்தது உருண்டையானது, தொப்பை உள்ளே போனது, நீளமானது சுருண்டது. அடையாளமே தெரியாமல் உடைந்திருந்த இரண்டைக் கழிவு வாளியில் போட்டாள். நிமிர்ந்தபோது தட்டு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

சின்னவன் ஈரத் தலையோடு ஓடி வந்து ஸ்டூலில் ஏறினான். தட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். விரலை நீட்டி நீட்டித் தேடினான்.

“அத்தை எங்கம்மா?”

‘நான்தான்டா உருட்டிட்டேன், தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்று சரளமாக வந்தது.

“ஆறும்போது அதுவா உருண்டையாயிடும்டா. மிட்டாய்னா அப்படித்தான்.”

“அப்படியா?” என்றான் அவன். நம்பிவிட்டான். மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மா சொன்னால் மிட்டாயைப் பற்றித் தப்பாகவா இருக்கும்?

பெரியவள் நம்பவில்லை. வெண்ணெயில் மினுமினுத்த அம்மாவின் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள். துணியை எடுத்து ஸ்டூலைத் துடைக்கப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அம்மாவுக்கு.

மறுநாள் பஸ்ஸில் டப்பா சின்னவன் மடியில்தான் வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாராவது ஏறினார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் சரக்கோடு வெளியூர் போயிருந்தார். அவரிடம் போனில் சொல்லி அழலாமா என்றும் யோசித்தாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அத்தை என்றால் வீட்டுக்காரரின் அக்கா; அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லாத சொந்தக்காரக் கூட்டம். நாற்காலியில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த அத்தை டப்பாவை வாங்கித் திறந்தாள்.

“அடேயப்பா, கடையில வாங்கின மாதிரியே இருக்கே! நீயாடா செஞ்ச, தங்கம்?”

“நான் ஆளு ஆளாத்தான் செஞ்சேன் அத்தை. உங்களைக்கூட செஞ்சேன். ஆனா மிட்டாய்க்குப் பிடிக்கல. அதுவா உருண்டையாயிடுச்சு.”

கூடமே குலுங்கிச் சிரித்தது. “மிட்டாய்க்குப் பிடிக்கலையாம்!” என்று மாமா தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்னவனும் சிரித்தான், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று. பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“அக்கா செஞ்சது மட்டும் மாறவே இல்ல அத்தை. அதுக்கு அக்காவைப் பிடிச்சிருக்கு.”

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பியைப் பார்க்கவும் முடியாமல், அம்மாவைக் காட்டிக் கொடுக்கவும் மனசு வராமல் தவித்தாள் குழந்தை. அதற்கு மேல் தாங்கவில்லை கழுகுக்கு.

“இல்லடா கண்ணா. மிட்டாய் ஒண்ணும் பண்ணல. நீ குளிக்கப் போனப்ப நான்தான் எல்லாத்தையும் உருட்டிட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “விடும்மா, சின்னப் பிள்ளைகிட்ட போய் இதையெல்லாம்...” என்று அத்தை இழுத்தாள்.

“இல்ல அண்ணி, சொல்லணும்.”

சின்னவன் அழவில்லை. டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஏம்மா?”

கம்பெனியில் வாளிக்குப் போகிற ஒவ்வொன்றுக்கும் அவளால் காரணம் சொல்ல முடியும். கேட்பதற்குள் சொல்வாள்.

“தெரியலடா. யோசிக்காம பண்ணிட்டேன்.”

“நான் செஞ்சது அசிங்கமா இருந்துச்சா?”

“இல்லடா தங்கம். ரொம்ப அழகா இருந்துச்சு. சத்தியமா.”

சின்னவன் அக்கா பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டான்:

“நெஜமாவாக்கா?”